கணக்கு வகுப்புக்குள் கடல் வந்த கதை

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: 33 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை

சென்ற இதழில், "காலநிலை மாற்றம் அறிவியல் ஆசிரியர் தலையில் மட்டும் கட்டிவிட வேண்டிய பாடம் இல்லை, எல்லாப் பாடத்திலும் வர வேண்டும்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே மேசை நிறைய இருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்குத்தான்.

டீச்சர், நான் கணிதம் எடுக்கிறேன். போர்ஷனை முடிக்கவே ஸ்பெஷல் கிளாஸ் வைக்க வேண்டியிருக்கிறது. இதில் காலநிலை மாற்றத்தை எங்கே கொண்டுபோய் நுழைப்பது?
– மேல்நிலைக் கணித ஆசிரியர்

நுழைக்க வேண்டாம் சார். நீங்கள் நடத்துகிற பாடத்துக்குள்ளேயே அது இருக்கிறது.

ஒருமுறை நான் அமில-காரப் பாடம் நடத்தும்போது, தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பு நீரின் பி.ஹெச் மதிப்பு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) இப்போது 8.1க்கு இறங்கிவிட்டது என்று கரும்பலகையில் எழுதினேன். நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால்வாசியைக் கடல் கரைத்துக்கொள்கிறது, அதனால் வந்த மாற்றம் இது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "புள்ளி ஒண்ணுதானே டீச்சர் குறைஞ்சிருக்கு, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றான். "அது பெரிய மாற்றம்பா" என்றேன். அவன் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நான் காரணம் சொல்லவில்லையே, அழுத்திச் சொன்னேன், அவ்வளவுதான்.

இடைவேளையில் கணித ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் அப்போது மடக்கை (லாகரிதம்) பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தார். அன்று மாலையே அந்த எண்ணை எடுத்துக்கொண்டார். பி.ஹெச் என்பது பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை அளவு. 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்தின் 0.1 அடுக்கு மடங்கு ஆகும். அட்டவணையைப் பார்த்தால் 1.26. அதாவது 26 சதவீதம் கூடியிருக்கிறது. மணி அடித்ததும் அந்தப் பையன் லேபுக்கு ஓடிவந்தான். "புள்ளி ஒண்ணு இல்ல டீச்சர், கால் பங்கு ஏறியிருக்கு!" என்று மூச்சு வாங்கச் சொன்னான். மடக்கை எதற்கு என்று அவனுக்கு அன்றைக்குப் புரிந்தது. கடலுக்கு என்ன ஆகிறது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. போர்ஷனிலிருந்து ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். ஹவாயில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958-இல் சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். 1959-இன் ஆண்டுச் சராசரி பத்து லட்சத்தில் 316 பங்கு. 1969-இல் ஏறத்தாழ 324.6. இந்த இரண்டு புள்ளிகளை மட்டும் கொடுத்து, நேர்கோட்டை 2024 வரை நீட்டச் சொல்லுங்கள். 372-ஐ ஒட்டி வரும். பிறகு உண்மையான எண்ணைச் சொல்லுங்கள்: 424-ஐத் தாண்டிவிட்டது. "எங்கே சார் தப்புப் பண்ணினோம்?" என்று பிள்ளைகள் நோட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். யாரும் தப்புப் பண்ணவில்லை, சாய்வே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. வகையீடு (டிஃபரன்சியேஷன்) தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பதினொன்றாம் வகுப்பு என்றால் அந்த வரைபடத்தின் ரம்பப் பல்லையும் காட்டுங்கள். நிலமும் காடும் அதிகமாக உள்ள வடகோளத்தில் செடிகொடிகள் தழைக்கும்போது அளவு இறங்குகிறது, இலை உதிர்ந்து மக்கும்போது ஏறுகிறது. மே மாதம் உச்சம், செப்டம்பர் கடைசியை ஒட்டி அடிமட்டம். ஏறும் கோட்டின் மேல் ஒரு சைன் அலை ஏறி உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

ஒரே வாரத்தில் நாலு வகுப்பில் காலநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுத்தார்கள். நாலிலும் அதே மெலிந்த பனிக்கரடி படம். கடைசியில் "மரம் நடுவோம்" என்று முடித்தார்கள். எனக்குச் சலித்துவிட்டது. நான் கெட்ட பெண்ணா?
– பத்தாம் வகுப்பு மாணவி

இல்லை கண்ணு. உன் கடிதம்தான் இந்த இதழிலேயே முக்கியமான கடிதம். ஆசிரியர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் இதை வெளியிடுகிறேன்.

எல்லாப் பாடத்திலும் வர வேண்டும் என்று நான் சொன்னதற்கு, எல்லோரும் ஒரே பாடத்தை நடத்த வேண்டும் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் அதற்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. வெப்பம் எப்படிச் சிக்கிக்கொள்கிறது என்று இயற்பியல்தான் சொல்ல முடியும். எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பது கணக்கின் வேலை. யாருக்கு எப்போதே தெரியும் என்பதை வரலாற்றிடம் கேட்க வேண்டும், யார் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பொருளியலிடம் கேட்க வேண்டும். நாலு ஆசிரியரும் தங்கள் கேள்வியை விட்டுவிட்டுப் பனிக்கரடியிடம் போனால் உனக்குச் சலிக்கத்தான் செய்யும்.

என் பாடத்திலிருந்து உனக்கு ஒரு கேள்வி தருகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அது எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. போட்டதைவிட வந்தது மூன்று மடங்கு எடை! மீதி எடை எங்கிருந்து வந்தது? அணு எடைகளை எழுதிப் பார். கார்பன் 12, அதோடு காற்றிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் 32. பன்னிரண்டு போய் நாற்பத்து நாலாகிறது. கண்ணுக்குத் தெரியாத புகைக்கு எடையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் உன் தோழிகளிடம் இதைக் கேள்.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். பனி உருகினால் கடல் மட்டம் உயரும் என்பதை வகுப்பில் எப்படிச் செய்து காட்டுவது, மேடம்?
– இயற்பியல் ஆசிரியை

அம்மா, நான் செய்த தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காக இதை விரிவாகவே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் நான், "கடலில் மிதக்கும் பனிப்பாறைகள் உருகுவதால் கடல் மட்டம் உயர்கிறது" என்று நோட்டில் எழுதவைத்தேன். மறுநாள் ஒரு மாணவி விளிம்புவரை தண்ணீரும் மேலே பனிக்கட்டியும் உள்ள ஒரு டம்ளரை மேசையில் வைத்தாள். வகுப்பு முடியும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பனி முழுக்க உருகியது. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. மிதக்கும் பொருள் தன் எடைக்கு ஈடான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை அதே பிள்ளைகளுக்குப் போன வருடம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். எல்லோரையும் நோட்டில் அந்த வரியை அடிக்கச் சொல்லி, திருத்தி எழுதவைத்தேன். (உப்பு நீரில் நன்னீர்ப் பனி உருகினால் மிகச் சிறிய உயர்வு உண்டு. அது மேல்வகுப்புக்கு.)

ஆகவே இரண்டு டம்ளர் வையுங்கள். ஒன்றில் பனிக்கட்டி மிதக்கட்டும். இன்னொன்றில் நீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு கல்லை வைத்து அதன்மேல் பனிக்கட்டியை ஏற்றுங்கள். கல்தான் கிரீன்லாந்து, கல்தான் அண்டார்க்டிகா. இரண்டிலும் மட்டத்தைக் கோடு போட்டு வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். பனி உருகி முடியும்போது கல் வைத்த டம்ளரில்தான் நீர் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். பனியே உருகாவிட்டாலும் கடல் ஏறும், ஏனென்றால் சூடான நீர் விரிகிறது. இதற்கு ஒரு சிறு குடுவையில் சாயம் கலந்த தண்ணீரைக் குமிழே இல்லாமல் நிரப்பி, மெல்லிய கண்ணாடிக் குழாய் செருகிய ரப்பர் அடைப்பானால் இறுக மூடுங்கள். குழாயில் நீர் ஏறி நிற்கும் இடத்தில் நூல் கட்டுங்கள். குடுவையை வெந்நீரில் இறக்குங்கள். எல்லோரும் ஏறும் என்று காத்திருக்கும்போது நீர்மட்டம் நூலுக்குக் கீழே இறங்கும்! பிள்ளைகள் "ஐயோ, தப்பாகிவிட்டது" என்பார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் சூடாவது கண்ணாடி. அது விரிந்து குடுவை சற்றுப் பெரிதாகிறது, நீர் உள்ளே இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் சூடு நீருக்குப் போனதும் நிதானமாக ஏறத் தொடங்கி, நூலைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சில விநாடி இறக்கத்தை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வகுப்பை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

காலநிலை மாற்றம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நாற்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். தமிழாசிரியன் நான் என்ன செய்ய?
– தமிழாசிரியர்

ஐயா, அந்த நாற்பது கட்டுரைகளையும் எடுத்து வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். "காடுகள் அழிக்கப்படுகின்றன", "வாயுக்கள் வெளியிடப்படுகின்றன", "கடல் மாசுபடுத்தப்படுகிறது." எல்லாம் செயப்பாட்டுவினை. பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் "யாரால்?" என்று எழுதச் சொல்லுங்கள். செயப்பாட்டுவினையைச் செய்வினையாக மாற்றுக என்ற பழைய பயிற்சிதான். எழுவாய் வேண்டும் என்றதும் பேனா நின்றுவிடும். பிறகு தேடுவார்கள். சுரங்கமா, மின்நிலையமா, வண்டி ஓட்டும் நாமா, எந்தக் காலத்து மனிதர்கள்? பெயர் சொல்லி எழுதும்போது நாற்பது கட்டுரையும் நாற்பது விதமாகும். இலக்கணம் உண்மையைத் தேடவைக்கும் என்பதை நீங்கள்தான் காட்ட முடியும், அறிவியல் ஆசிரியரால் முடியாது.

சொற்களையும் எடுத்துக்கொடுங்கள். இன்றைக்கு நடப்பது வானிலை, பல ஆண்டுகள் பார்த்துச் சொல்வது காலநிலை. வானிலை அறிஞர்கள் இதற்கு வழக்கமாக 30 ஆண்டுச் சராசரியைக் கொள்கிறார்கள். பருவம் அல்லாத காலத்தில் பெய்யும் மழைக்கு "வம்பமாரி" என்று பழந்தமிழில் ஒரு சொல்லே இருக்கிறது. ஒரு சங்கப் பாட்டில், அந்த மழையைக் கார்காலம் என்று எண்ணி ஏமாந்து பூத்துவிட்டதாம் கொன்றை. கார்காலத்தில் வருவதாகச் சொன்ன தலைவன் வரவில்லையே என்று வாடும் தலைவிக்கு ஆறுதல் சொல்ல அந்த மரத்தைத் தோழி பேதை என்கிறாள். அது காதல் பாட்டு, காலநிலைப் பாட்டு இல்லை. அதில் இதைத் திணிக்க வேண்டாம். ஆனால் பூ தப்பான நேரத்தில் பூத்தால் என்ன பொருள் என்று பார்க்கத் தெரிந்த கண் நம் மொழிக்கு இருந்திருக்கிறது என்பதைச் சொல்லலாமே.

ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்து அதன் வழியாக வெயில் வருவதால்தானே பூமி சூடாகிறது?
– எட்டாம் வகுப்பு மாணவன்

இல்லை தம்பி, அது வேறு, இது வேறு. ஓசோன் படலம் தடுப்பது புற ஊதாக் கதிரை. பூமி சூடாவது, தரையிலிருந்து மேலே போக வேண்டிய அகச்சிவப்புக் கதிரை கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் பிடித்துக்கொள்வதால். ஓசோனைக் கெடுத்த வாயுக்களைக் கைவிட 1987-இல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. படலம் மெல்லத் தேறி வருகிறது.

வரலாற்றில் இதற்கு இடம் உண்டா? இது எதிர்காலப் பிரச்சினை இல்லையா?
– சமூக அறிவியல் ஆசிரியை

நிறைய இடம் உண்டு. யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்ணிடமிருந்து தொடங்குங்கள். கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, உள்ளே வெப்பமானி வைத்து, வெயிலில் காயப்போட்டார். கார்பன் டை ஆக்சைடு இருந்த உருளைதான் அதிகம் சூடானது. வெயிலிலிருந்து எடுத்த பிறகும் அதுதான் ஆற அதிக நேரம் எடுத்தது. அந்த வாயு மிகுந்த காற்றுமண்டலம் இருந்தால் பூமி வெப்பமாக இருக்கும் என்று எழுதினார். 1856-இல் நடந்த அறிவியல் மாநாட்டில் அவருடைய கட்டுரையை வாசித்தவர் ஜோசப் ஹென்றி என்ற ஆண் விஞ்ஞானி. பிறகு அந்தக் கட்டுரை ஒன்றரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஓய்வுபெற்ற பெட்ரோலிய நிலவியலாளர் ஒருவர்தான் 2011-இல் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இதே ஃபூட் 1848-இல் செனிகா ஃபால்ஸ் பெண்ணுரிமைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். ஒரே ஆளை வைத்துப் பெண்ணுரிமையும் நடத்தலாம், அறிவியலின் கதையையும் நடத்தலாம். ஆனால் அவருடைய சோதனை வெயிலையும் அகச்சிவப்புக் கதிரையும் பிரித்துப் பார்க்கவில்லை, அதை 1859-இல் ஜான் டிண்டல் செய்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மறக்கப்பட்டவரை நினைவுகூர்கிறோம் என்பதற்காகக் கூட்டிச் சொல்லக் கூடாது.

சான்றுகளைப் படிக்கப் பழக்கவும் இது நல்ல இடம். ஜப்பானில் கியோட்டோ நகரத்து அரசவையினரும் துறவிகளும் செர்ரி பூத்த நாளைத் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதிவைத்தார்கள். 9-ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தக் குறிப்புகள் கிடைக்கின்றன. விருந்துக்காக எழுதிய குறிப்பு இன்று வெப்பநிலைச் சான்று. 2021-இல் மார்ச் 26 அன்றே பூ உச்சத்தை எட்டியது. 1,200 ஆண்டுக் குறிப்புகளில் அதற்கு முன் அவ்வளவு சீக்கிரம் பூத்ததாகக் குறிப்பு இல்லை. எழுதியவருக்கே தெரியாமல் ஓர் ஆவணம் எதற்கெல்லாம் சாட்சியாகிறது என்று பிள்ளைகள் பேசட்டும்.

ஓவியம், உடற்கல்வி ஆசிரியர்களும் இதில் வர வேண்டுமா?
– ஒரு வாசகர்

வரலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 2020-இல் இதைப் பல பாடங்களின் தரநிலைகளில் சேர்த்தபோது கலையும் உடற்கல்வியும்கூட அதில் இருந்தன. 2022 செப்டம்பரில் வகுப்புகளில் நடைமுறைக்கு வந்தது. ஓவிய ஆசிரியருக்கு எட் ஹாக்கின்ஸ் என்ற காலநிலை அறிஞர் 2018-இல் செய்த வண்ணப் பட்டைகள் போதும். ஆண்டுக்கு ஒரு கோடு, குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு, ஓர் எழுத்தும் இல்லை. உடற்கல்வி ஆசிரியர், வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது, காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும் என்று மைதானத்தில் நின்று சொன்னால் போதும்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், "நான் பெரியவளாகும்போது பூமி இருக்குமா?" என்று கேட்டு அழுகிறாள். குழந்தைகளுக்கு இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா?
– ஒரு தாய்

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். என் வகுப்பிலும் அப்படி ஒரு குழந்தை இருந்தாள். இரவில் விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று அவள் அம்மா வந்து சொன்னார். பள்ளிச் சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த "உலகைக் காப்பது உன் கையில்" என்ற வாசகத்தை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். பதினொரு வயதுக் கையில் உலகத்தைத் தூக்கி வைத்தது நாங்கள். அன்றே அதைக் கிழித்தேன். அந்த வேலை பெரியவர்களுடையது என்று வகுப்பில் வாய்விட்டுச் சொன்னேன்.

உங்கள் மகளிடம், "பூமி இருக்கும், நீயும் இருப்பாய்" என்று முதலில் சொல்லுங்கள். அது பொய் இல்லை. மறைக்கவும் வேண்டாம். மறைத்தால் அவள் வேறெங்காவது இதைவிடப் பயங்கரமாகக் கேட்பாள். 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுவரையுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. கிட்டத்தட்ட 60 சதவீதத்தினர் மிகுந்த கவலையில் இருப்பதாகச் சொன்னார்கள். அவள் தனியாக இல்லை. கூடவே இதையும் சொல்லுங்கள்: கார்பன் டை ஆக்சைடு உமிழ்வை நிகரப் பூச்சியத்துக்கு, அதாவது வெளிவிடுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாகும் நிலைக்கு, கொண்டுவந்தால் வெப்பநிலை உயர்வும் ஏறத்தாழ நின்றுவிடும் என்றுதான் அறிவியல் சொல்கிறது. சூரிய மின்சாரத்தின் செலவு 2010 முதல் 2019 வரை 85 சதவீதம் குறைந்தது. யாரோ உட்கார்ந்து வேலை செய்ததால் குறைந்தது. குழந்தைக்குக் கேட்க வேண்டியது அந்த "யாரோ"க்களின் கதை. ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: சிறு வகுப்பில் இலை, பூச்சி, மழைமானி போதும். எரியும் பூமி படம் வேண்டாம்.

தனிப் பாடமாக, வாரம் ஒரு பீரியட் ஒதுக்கிவிட்டால் வேலை சுலபமாக முடியுமே?
– தலைமையாசிரியர்

நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான் ஐயா. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சுற்றுச்சூழலுக்கென்று வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் இருந்தது. அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் அது கணக்குக்குப் போனது. பிறகு திரும்பவே இல்லை. மற்ற ஆசிரியர்கள் "அதற்குத்தான் தனி பீரியட் இருக்கிறதே" என்று விட்டுவிட்டார்கள். 2021-இல் யுனெஸ்கோ 100 நாடுகளின் பாடத்திட்டக் கட்டமைப்புகளைப் பார்த்தபோது 47 சதவீதத்தில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை. பேச்சு இருக்கிற இடத்திலும் ஒரு மூலையில் இருந்தால் அதுவும் இல்லாததற்குச் சமம்தான்.

வேண்டுமென்றால் பீரியட் வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சார்ட்டை ஸ்டாஃப் ரூமில் மாட்டுங்கள். பக்கவாட்டில் பாடங்கள், மேலே வாரங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்தில் இது எந்த வாரம், எந்தப் பக்கத்தில் வருகிறது, எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஒரே வரியில் எழுத வேண்டும். ஒரே கேள்வியை இரண்டு பேர் எழுதியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், பத்தாம் வகுப்பு மாணவியின் பனிக்கரடிக் குறை தீரும். வரிசையும் தெரியும். எங்கள் பள்ளியில் முதல் வருடம் மடக்கை நடத்துவதற்கு இரண்டு வாரம் முன்பே என் பி.ஹெச் பாடம் வந்து நின்றது. கணித ஆசிரியரும் நானும் பேசி ஆளுக்கு ஒரு வாரம் நகர்த்திக்கொண்டோம், இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. சார்ட்டை உங்கள் அறையில் மாட்ட வேண்டாம். ஆசிரியர்கள் இடைவேளையில் உட்காரும் மேசைக்கு எதிரே மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா வேண்டாம், அடிக்கடி அழித்து எழுத வேண்டியிருக்கும்.